சந்தமும் வேடமும்: ராப் பாடகர் ஒருவர் நடிகரான வரலாறு

திருவண்ணாமலையில் இரமணாசிரமத்தை ஒட்டிச் செல்லும் செங்கம் சாலையில் மாலை வேளையில் நடப்போர் செவியில் இருவேறு ஓசைகள் விழும். ஒன்று, ஆசிரமத்தின் உள்ளிருந்து வரும் பாராயண ஒலி. மற்றொன்று, சாலையோரத் தேநீர்க் கடைகளில் இளைஞர்கள் தம் கைப்பேசிகளில் எழுப்பும் பாட்டொலி. மௌனத்தாலேயே உபதேசித்தவர் என்று உலகம் போற்றும் ஒருவர் வாழ்ந்த இடத்தின் வாயிலில், மூச்சுவிடாது சொற்களைக் கொட்டுவதையே கலையாகக் கொண்டதொரு பாட்டு ஒலிப்பது முதலில் எனக்கு வியப்பாகவும், உண்மையைச் சொன்னால் சிறிது வெறுப்பாகவும் இருந்தது.

சென்ற ஆண்டு ஆடித் திங்களில் ஒருநாள், அத்தகைய கடையொன்றின் வாயிலில் நம் மாணவர் ஒருவரைக் கண்டேன். மூன்றாம் ஆண்டு வகுப்பிற் பயில்பவர். தந்தையார் பட்டு நெசவு செய்பவர். என்னைக் கண்டதும் கைப்பேசியை அணைத்துவிட்டு எழுந்து நின்றார். "ஐயா, படிப்பை நிறுத்திவிட்டுச் சென்னைக்குப் போகலாம் என்றிருக்கிறேன். ராப் பாட வேண்டும். அதன் வழியாகவே நடிப்புக்கும் போக வேண்டும். 'மீசைய முறுக்கு' படத்தில் தகப்பனார் ஓராண்டு தவணை கொடுக்கிறாரே! என் தகப்பனாரிடம் தாங்கள்தாம் எடுத்துச் சொல்ல வேண்டும்" என்றார். அடுத்த வாரம் அத்தகப்பனாரே என்னைத் தேடி வந்தார். "ஐயா, நீங்கள்தாம் அவனுக்குப் புத்தி சொல்ல வேண்டும்" என்றார். ஒரே நாவினை இருவரும் இருவேறு வழக்குக்கு அமர்த்தினர். எனக்கோ அக்கலையைப் பற்றியும் தெரியாது. அம்மாணவர் எடுத்துக்காட்டாகக் கொண்ட நடிகரைப் பற்றியும் தெரியாது. ஒரு திங்கள் தவணை கேட்டுக்கொண்டு, கற்கத் தொடங்கினேன். அவ்வாறு கற்றவற்றுட் சிலவற்றை நம் கலாசாலை அன்பர்கள் முன்பு வைப்பதே இக்கட்டுரை.

'ராப்' என்பது தாளத்தின்மேல் ஏறி நிற்கும் பேச்சு. அதனைப் பாட்டு என்றால் பண் குறைவு. பேச்சு என்றால் சந்தம் மிகுதி. அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில் பிராங்க்ஸ் என்னும் பகுதியில், 1973-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள், கூல் ஹெர்க் என்னும் ஜமைக்கா நாட்டு இளைஞர் ஒரு குடியிருப்புக் கட்டடத்தில் நடத்திய விருந்தினையே 'ஹிப்ஹாப்' என்னும் கலைக் குடும்பத்தின் பிறந்தநாளாகக் கொண்டாடுகின்றனர். இசைத்தட்டில் தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் பகுதியை அவர் இரண்டு தட்டுகளின் துணையால் நீட்டிக்கொண்டே போனார். அந்நீட்டலின்மேல் ஒருவர் நின்று கூட்டத்தை அழைத்தும் உசுப்பியும் பேசினார். அப்பேச்சு நாளடைவிற் செய்யுளாயிற்று. 1979-இல் இசைத்தட்டாகவும் வெளிவந்து நாடெங்கும் பரவிற்று. வாத்தியம் வாங்கப் பொருளில்லாத கறுப்பின மக்களின் தெருக்களில், இருந்த தட்டையும் இருந்த நாவையும் கொண்டே ஒரு கலை எழுந்ததென்பது நினைக்கத்தக்கது.

இதனைக் கற்றபோது என் வெறுப்புத் தணிந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. அது கூல் ஹெர்க் அல்லர், நம்மூர் அருணகிரிநாதர். பதினைந்தாம் நூற்றாண்டினராகக் கருதப்பெறும் அவர் வாழ்ந்த ஊர் இதுவே. கோபுரத்தினின்றும் வீழ்ந்து உயிர்விடத் துணிந்தவரை முருகன் தாங்கிக்கொண்டான் என்பது இவ்வூர் மரபு. அண்ணாமலையார் கோயிலில் ஆயிரக்கால் மண்டபத்தை அடுத்துள்ள கம்பத்து இளையனார் சந்நிதியை இன்றும் அவர் பெயரோடு சேர்த்தே சொல்வர். வடக்குப்பட்டுச் சுப்பிரமணிய பிள்ளையவர்கள் பல்லாண்டு ஊர்தோறும் அலைந்து ஏடுகளைத் தேடி அச்சிற் கொணர்ந்திராவிடில், திருப்புகழ்ப் பாக்களுட் பெரும்பகுதி நமக்குக் கிட்டியிராது. இன்று 1,300-க்கு மேற்பட்ட பாக்கள் கிடைக்கின்றன. அவற்றுள் ஒவ்வொன்றின் தலையிலும் தன, தான, தத்த, தந்த என்னும் அசைகளாலாகிய சந்தக் குழிப்பு அச்சிடப்பெற்றிருத்தலை நாம் பார்த்திருக்கிறோம். பொருள் தெரியாத சிறுவனும் அவ்வசைகளைக் கேட்டுத் தலையசைப்பான். தாளம் முதலில் நிற்க, அதன் கட்டங்களுக்குள் சொல் ஓடிவந்து அமர்தல் என்னும் அவ்வேலையே ராப் பாடகரின் வேலையும் ஆகும். அருள் அனுபவத்தையும் தெருப் பாட்டையும் ஒரு தட்டில் வைத்து நிறுப்பதாக எவரும் கருத வேண்டா. ஈண்டு யான் கூறுவது செய்தொழிலைப் பற்றியதே.

ஒரு வேற்றுமையும் உண்டு. நம் செய்யுளில் ஓசைப் பொருத்தம் பெரும்பாலும் அடியின் தலையிலே நிற்பது; எதுகையும் மோனையும் அடி தொடங்கும்போதே செவியைப் பிடித்துவிடும். ஆங்கில ராப்பிலோ பொருத்தம் அடியின் வாலில் விழும். நம்மவர் இயைபு என்பது அதனையே. தமிழில் ராப் பாடுவோர் தலையையும் வாலையும் ஒருங்கே கட்டவேண்டியவராகின்றனர். 1994-இல் வெளிவந்த 'காதலன்' படத்தில் ஏ. ஆர். ரகுமான் இசையில் சுரேஷ் பீட்டர்ஸ் முதலியோர் பாடிய 'பேட்டை ராப்' தமிழ்நாட்டார் பலர்க்கு இக்கலையின் பெயரையே அறிமுகப்படுத்தியது. எனினும் இதனை வேடிக்கையாகவன்றித் தொழிலாகக் கொண்டவர் மலேசியத் தமிழர்களே. யோகி பி என்பவர் 'நட்சத்திரா' குழுவினருடன் 2006-இல் வெளியிட்ட 'வல்லவன்' என்னும் இசைத்தொகுதி, கடல் கடந்து இங்குள்ள கல்லூரி விடுதிகளிலெல்லாம் ஒலித்தது. அவ்வொலியைக் கேட்டு வளர்ந்த தலைமுறையிலிருந்தே நாம் பேசப்போகும் நடிகரும் எழுந்தார்.

நிற்க. ஆதித்ய இராமச்சந்திர வெங்கடபதி என்பது அவருடைய முழுப்பெயர்; ஆதி என்றே வழங்குவர். 1990-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள் பிறந்தவர், கோயம்புத்தூர்க்காரர். ஈரோட்டைச் சேர்ந்த ஜீவா என்பவரும் இவரும் சேர்ந்து 'ஹிப்ஹாப் தமிழா' என்னும் பெயரில் இயங்கினர். இருவர்க்கும் உரிய இப்பெயரைப் பொதுமக்கள் ஆதி ஒருவரின் பெயராகவே வழங்கிவருதல் கவனிக்கத்தக்கது. கேட்பவர்க்குக் குரலும் முகமும் கொடுத்தவர் அவர். இசையமைப்பின் உழைப்பிற் பங்குகொண்டவர் திரைக்குப் பின்னே நின்றார். கலையுலகின் இந்த அநீதி புதியதன்று.

2011-இல் அவர்கள் யூடியூபில் வெளியிட்ட 'கிளப்புல மப்புல' என்னும் பாட்டு ஒரே வீச்சில் பெயரையும் கொடுத்தது, பழியையும் கொடுத்தது. இளம்பெண்கள் மது அருந்துவதை இடித்துரைக்கும் அப்பாட்டில், அதே குற்றத்தைச் செய்யும் ஆடவர்பால் அத்துணைக் கடுமை இல்லையே என்று பலர் கேட்டனர். கேட்டது நியாயமே என்பது என் கருத்து. இருபத்தோர் வயதினர் ஒருவரின் முதற் பேச்சு அது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லலாம். 2012-இல் 'ஹிப்ஹாப் தமிழன்' என்னும் தொகுதி வந்தது. 2013-இல் 'எதிர்நீச்சல்' படத்தின் தலைப்புப் பாட்டில் அனிருத்தின் இசையிற் பாடினார். 2015-இல் சுந்தர் சி. இயக்கிய 'ஆம்பள' படத்துக்கு இவ்விருவரும் இசையமைத்தனர்; அதே ஆண்டில் 'இன்று நேற்று நாளை', 'தனி ஒருவன்' என்னும் படங்களும் அவர்கள் இசையோடு வெளிவந்தன. 2016-இல் ஏறுதழுவுதலையும் நாட்டு மாட்டினத்தையும் பற்றி 'டக்கரு டக்கரு' என்னும் பாட்டை வெளியிட்டனர். அடுத்த ஆண்டு சனவரியில் மாணவர்கள் சென்னை மெரினாக் கடற்கரையிலும் ஊர்தோறும் கூடியபோது, அப்பாட்டு அவர்கள் நாவில் இருந்தது.

அதன்பின் 2017-ஆம் ஆண்டு ஜூலையில் 'மீசைய முறுக்கு' வெளிவந்தது. கதை, இயக்கம், இசை, நடிப்பு ஆகிய நான்கும் ஆதியினுடையவை. பாட்டுக்காரர் நடிகரானது அப்படத்திலேதான். அதனைப் பற்றிச் சொல்லுமுன், பாட்டுக்காரர் நடிகராவது தமிழ்ப் படவுலகில் ஒரு காலத்தில் விதியாகவே இருந்ததென்பதை நம் இளைஞர்க்கு நினைவூட்ட வேண்டும்.

1931-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் 'காளிதாஸ்' வெளிவந்து தமிழ்த்திரை பேசத் தொடங்கியது. தொடங்கிய நாள்முதல் அது பேசியதைவிடப் பாடியதே அதிகம். முகத்துக்கு உரியவரே குரலுக்கும் உரியவராக இருத்தல் அன்று இன்றியமையாததாயிற்று. எம். கே. தியாகராஜ பாகவதர் 1934-இல் 'பவளக்கொடி' வாயிலாகத் திரைக்கு வந்ததும் குரலினாலே. 1944-ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளிவந்த அவருடைய 'ஹரிதாஸ்' சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டதும் குரலினாலே. கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் 1935-இல் 'நந்தனார்' படத்தில் ஆண்வேடம் பூண்டதற்கு இலட்ச ரூபாய் ஊதியம் பெற்றதை நாடே வியந்து பேசிற்று, அவ்விலட்சமும் குரலுக்கே. பின்னர்ப் பின்னணிப் பாட்டு என்னும் உபாயம் வந்தது. 1938-இல் வெளியான 'நந்தகுமார்' படத்தை இதற்கு முன்னோடியாகக் கூறுவர். அதுமுதல் முகம் ஒருவருக்கும் குரல் மற்றொருவருக்கும் ஆயின. அப்பிரிவினால் நன்மையே விளைந்தது என்பதை மறுப்பதற்கில்லை. பாட வராத நல்ல நடிகர்களும், முகங்காட்டக் கூசிய நல்ல பாடகர்களும் பிழைத்தனர்.

பிரிந்த அவ்விரண்டும் மீண்டும் ஒன்றுகூடியதற்கு ஓர் எடுத்துக்காட்டு நம்மூர்க் கதையிலேயே உண்டு. 1964-இல் 'அருணகிரிநாதர்' என்னும் படம் வெளிவந்தது. அருணகிரியாராக நடித்தவர், பிறர்க்கெல்லாம் குரல் கொடுத்துவந்த டி. எம். சௌந்தரராஜன் அவர்களே. சிவாஜிக்கும் எம். ஜி. ஆருக்கும் அவரவர் குரலெனத் தோன்றும்படி பாடிய அவர், அப்படத்தில் தம் குரலுக்குத் தம் முகத்தையே கொடுத்தார். திருப்புகழின் சந்தத்தில் மூச்சு எங்கே நிற்கும், நா எங்கே புரளும் என்பதை அறியாத நடிகர் ஒருவர் வாயசைத்திருந்தால் பொய் தெரிந்துபோயிருக்கும். சந்தத்துக்கு இரவல் முகம் பொருந்தாது.

ராப்புக்கும் அது பொருந்தாது. பின்னணி பாடுவோர் எவர்க்கும் பாடலாம். ராப்போ, எழுதியவர் தம் சொல்லைத் தம் வாயாற் சொல்லவேண்டிய கலை. ஊர், தெரு, தந்தை தாயர், பட்ட அவமானம், பெற்ற வெற்றி யாவும் 'யான்' என்றே வரும். ஆதலின் ராப் பாடகர் திரைக்கு வரும்போது, எண்பதாண்டுகட்கு முன் பிரிந்த குரலும் முகமும் ஒன்றாகவே வருகின்றன. அவற்றோடு சொல்லும் அவருடையதாகவே வருகிறது. பாகவதர்க்கும் இப்பேறு இல்லை. அவர் பாடியவை பாபநாசம் சிவன் முதலியோர் எழுதியவை. இதுவே ராப் நடிகரின் மூலதனம். இதுவே அவருக்குத் தளையுமாகிறது என்பதுதான் யான் சொல்லவந்த செய்தி.

'மீசைய முறுக்கு' கதையின் தலைவர் பெயர் ஆதி. பொறியியல் பயில்கிறார், பாட விரும்புகிறார், தந்தையாரிடம் ஓராண்டு தவணை பெற்றுச் சென்னைக்குச் செல்கிறார், அலைகிறார். நடிகர் தம் வரலாற்றையே தம் பெயராலேயே நடித்தார். இதில் நடிப்பு எங்கே என்று கேட்போர்க்கு யான் ஒரு காட்சிவகையைச் சுட்டுவேன். தந்தையாக வரும் விவேக் அவர்கள் பேச, மகன் நின்று கேட்கும் காட்சிகளே அவை. பாட்டு மேடைகளில் ராப் பாடகர் கேட்பதேயில்லை. தாளம் ஓடிக்கொண்டிருக்கும், அவர் நிரப்பிக்கொண்டே போக வேண்டும். ஒரு கட்டம் வெறுமையாயின் தவறிவிட்டார் என்பர். திரையிலோ பேசுபவரைவிடக் கேட்பவரையே படக்கருவி கூர்ந்து நோக்கும். விவேக்கின் எதிரில் நின்றபோது ஆதி பேசாதிருக்கக் கற்றார் என்று எனக்குத் தோன்றிற்று. அப்பெருநடிகர் 2021-இல் காலமானார்.

இவ்விடத்தில் அமெரிக்க நாட்டு எடுத்துக்காட்டொன்று உதவும். வில் ஸ்மித் என்பவர் ஜாஸி ஜெஃப் என்பவருடன் ராப் பாடி, அத்துறைக்கென 1989-இல் முதன்முதலாக வழங்கப்பெற்ற கிராமிப் பரிசைப் பெற்றவர். 1990 முதல் 1996 வரை ஒரு தொலைக்காட்சித் தொடரில் நடித்தார். அத்தொடரில் அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயரும் வில் ஸ்மித்தே! பாடகராக இருந்த தம்மையே அவர் முதலில் நடித்தார். பின்னரே குத்துச்சண்டை வீரர் முகம்மது அலியாகவும் பிறராகவும் மாறி, 2022-இல் ஆஸ்கார்ப் பரிசையும் பெற்றார். ஐஸ்-டி என்பவர் கதை இன்னும் சுவையுடையது. 1992-இல் காவலர்களைச் சாடிய ஒரு பாட்டினால் நாடெங்கும் கண்டனத்துக்கு ஆளான அவர், 2000-ஆம் ஆண்டு முதல் ஒரு தொலைக்காட்சித் தொடரில் காவல்துறைத் துப்பறிவாளராகவே நடித்துவரலானார். தம்மை விட்டு இத்துணைத் தூரம் சென்ற ராப் பாடகர் வேறெவரும் இரார். தமிழிலோ தொலைக்காட்சி இக்கலைஞர்க்கு நாடகத்தொடர் வழியாக வாயில் திறக்கவில்லை. இலங்கைத் தமிழரான ஏ.டி.கே.யும் சென்னையின் அசல் கோளாரும் 2022-இல் 'பிக் பாஸ்' நிகழ்ச்சியின் ஆறாம் பருவத்தில் தோன்றினர். அது தாம் தாமாகவே வீட்டினுள் அடைபட்டிருந்து காட்சிப்படுவது, வேடம் அன்று.

வேடம் என்றதும் இம்மாவட்டத்தார்க்குத் தெருக்கூத்து நினைவுக்கு வராதிராது. செய்யாறு, ஆரணி, வந்தவாசிப் பக்கத்து ஊர்களில் திரௌபதியம்மன் கோயில் பாரத விழாக்களில் விடிய விடியக் கூத்து நடக்கும். அதில் ஒரு வழக்கம் உண்டு. இருவர் ஒரு திரையைப் பிடித்து நிற்பர், வேடதாரி அதன்பின் நின்று தாம் யாரென்பதைத் திரை விருத்தமாகப் பாடுவார், முகவீணையும் மத்தளமும் முழங்கும், திரை விலகும், கட்டியக்காரன் 'நீர் யார்?' என்று கேட்பான். வேடதாரி தம் குலமும் ஊரும் பெருமையும் எடுத்துரைப்பார். ராப் பாடகர் மேடையேறியதும் செய்வது இதுவே அன்றோ? பெயர், ஊர், பெருமை, எதிரிக்கு அறைகூவல், எல்லாம் அவ்வாறே. ஆயின் ஒரு மயிரிழை வேற்றுமையில் உலகமே மாறிவிடுகிறது. கூத்தர் 'யான் துரியோதனன்' என்கிறார். பகலில் அவர் உழவராகவோ நெசவாளராகவோ இருப்பார். ராப் பாடகர் 'யான் யான்தான்' என்கிறார். முன்னவர் தம்மை மறைத்துப் பெருமை பேசுகிறார். பின்னவர் தம்மையே திறந்து பேசுகிறார். முன்னவரிடமிருந்து நடிகர் தோன்றுதல் எளிது. புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் அவர்களின் கூத்தினால் ஈர்க்கப்பெற்ற ந. முத்துசாமி அவர்கள் சென்னையில் நடத்திய கூத்துப்பட்டறையிலிருந்து பசுபதி முதலிய நடிகர்கள் திரைக்கு வந்தனர். அவர்களை எப்பாத்திரத்திலும் வைக்கலாம். பின்னவரோ தம் பெயரைக் கழற்றிவைத்த பின்னரே வேடம் அணிய முடியும்.

ஆதி தம் பெயரைக் கழற்ற முயன்றதை 2019 முதல் 2024 வரை வந்த படங்களிற் காணலாம். 'நட்பே துணை' (2019) படத்தில் ஹாக்கி ஆட்டக்காரர். 'நான் சிரித்தால்' (2020) படத்தில், துயரம் வந்தால் அழுகைக்குப் பதிலாகச் சிரிப்பே வரும் நோயாளி. இப்பாத்திரம் அவர்க்குக் கிடைத்தவற்றுள் நடிப்புக்கு மிகுதியாக இடமளித்தது என்பேன். ராப் பாடகரின் வலிமை சொல். இங்கே சொல் பயன்படாது. துயரத்தைக் கண்ணிலும் சிரிப்பை வாயிலும் ஒருங்கே காட்ட வேண்டும். சில இடங்களில் அதனைச் செய்தார். சில இடங்களில் சிரிப்புச் சிரிப்பாகவே நின்றுவிட்டது. தாமே இயக்கிய 'சிவகுமாரின் சபதம்' (2021) காஞ்சிபுரத்துப் பட்டு நெசவுக் குடும்பத்தின் கதை. மேற்சொன்ன மாணவரின் தந்தையார் அப்படத்தை மட்டும் பார்த்திருந்தார்; "தறியை இன்னும் சற்று நேரம் காட்டியிருக்கலாம்" என்பதே அவருடைய விமர்சனம். 'அன்பறிவு' (2022) இரட்டை வேடம், 'வீரன்' (2023) மின்னல் தாக்கி ஆற்றல் பெற்றவனின் கதை, 'பி.டி. சார்' (2024) படத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். அதே ஆண்டு தாமே இயக்கிய 'கடைசி உலகப் போர்'. 'மீசைய முறுக்கு' படத்தையும் சேர்த்து எட்டுப் படங்கள். இவற்றுட் பலவற்றில் முதற்பாதியில் நண்பரோடு விளையாடித் திரிந்து, பிற்பாதியில் கூட்டத்தின் நடுவே நின்று நீதி பேசும் இளைஞரே மீண்டும் மீண்டும் வருகிறார். அந்த நீதிப்பேச்சு வரும்போது, நடிகர் மறைந்து பழைய பாடகர் எழுந்துவிடுகிறார். மூச்சு நீள்கிறது, சொற்கள் அடுக்கிவருகின்றன, அரங்கத்து இளைஞர் ஆரவாரிக்கின்றனர். மக்கள் விரும்புவதும் அதுவே என்றால் குறை கூற யான் யார்? ஆயினும் பாத்திரம் அவ்விடத்தில் வேடத்தைக் கழற்றிவிடுகிறது என்பதை மறைப்பதற்கில்லை.

அவர் நடிப்பொன்றையே பற்றிக்கொண்டிருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ் எழுத்தின் தோற்றத்தை ஆராயும் 'தமிழி' என்னும் ஆவணத் தொடரை 2019-இல் வெளியிட்டார். பொறியியற் பட்டத்தோடு நில்லாது மேற்கொண்டு பயின்று, 2023-இல் இசைத் தொழில்முனைவு பற்றிய ஆய்வுக்குக் கோவைப் பாரதியார் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். படத்தில் வரும் ஆதிக்கு ஓராண்டு தவணை. வாழ்ந்த ஆதிக்கோ, 2011-இல் பாட்டினாற் பெயர் வந்ததிலிருந்து இசையமைப்பாளராவதற்கு நான்கு ஆண்டும், நடிகராவதற்கு ஆறு ஆண்டும் சென்றன.

திங்கள் முடிந்ததும் அம்மாணவரை அழைத்து இவற்றை ஆண்டுகளோடு எழுதிக் காட்டினேன். ஆறாண்டு என்னும் எண்ணை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஐயா, ஆறாண்டு ஆகுமென்று முன்னமே தெரிந்திருந்தால் அவர் தொடங்கியிருப்பாரா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடையில்லை, இன்றும் இல்லை. அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு என்னும் பாடகர் 2021-இல் 'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டினால் உலகறியப் பெற்றதையும், அவர் பாட்டில் வரும் மூதாட்டியும் மண்ணும் அவருடைய குடும்ப வரலாறென்பதையும் எடுத்துச் சொல்லி, "நடிகராகாமலே ராப் பாடகராக நிற்கலாமே" என்றேன். "எனக்கு வேறொருவனாகவும் இருந்துபார்க்க வேண்டும் ஐயா" என்றார். அவ்விடைக்குப் பின்னர்த்தான் அவருடைய ஆசை விளையாட்டன்று என்பது எனக்குப் புலப்பட்டது.

தந்தையாரிடம் யான் பேசியது மிகச் சுருக்கம். "பட்டம் முடியட்டும், அதன்பின் தவணையை நீங்களே முடிவு செய்யுங்கள்" என்றேன். அவர் தலையசைத்தார், சம்மதம் என்று கொண்டேன். மகனோ தை விடுமுறையில் சென்னைக்குப் போகாது, செய்யாற்றுப் பக்கத்தில் உறவினர் ஒருவர் ஊரில் தங்கிக் கூத்து ஒத்திகை பார்த்துவந்தார். வேடம் கட்ட விடவில்லையாம். திரை பிடிக்கச் சொன்னார்களாம். மூன்று இரவுகள் திரையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, பின்னால் நிற்பவர் 'யான் இன்னான்' என்று பாடுவதைக் காதருகிற் கேட்டுக்கொண்டே நின்றதாகச் சொன்னார். மாசியில் வகுப்புக்குத் திரும்பினார். அவருடைய குறிப்பேட்டின் பின்பக்கத்தில் ஒரு பாட்டு எழுதப்பெற்றிருந்தது. மேலே, திருப்புகழ் ஏடுகளில் உள்ளவாறே, தன தான என்று சந்தக் குழிப்பு; கீழே, தறியில் அமர்ந்திருக்கும் ஒரு கிழவரின் பேச்சு. 'யான்' என்று தொடங்கியிருந்தது. ஆனால் அந்த 'யான்' எழுதியவர் அல்லர். நான்காம் அடியில் தளை தட்டியது, அதைச் சுட்டினேன். வேண்டுமென்றே விட்டதாகச் சொன்னார். அங்கே கிழவர் அறுந்த இழையை முடிகிறாராம்.